துருவேறிய வேனும் தில்லி இரும்புத் தூணும்

தில்லியில் வாழும் தமிழர் இல்லத்திற்கு ஊரிலிருந்து உறவினர் வந்தால், அவர்களை அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் மெஹ்ரௌலியில் உள்ள குதுப் வளாகமும் ஒன்று. மினாரை அண்ணாந்து பார்த்து முடித்தபின் அனைவரும் அருகிலுள்ள இரும்புத் தூணின் முன் வந்து நிற்பர். ஆயிரத்து அறுநூறு ஆண்டுகள் வெயிலிலும் மழையிலும் நின்றும் துருவால் அழியாத தூண் என்று கேட்டு வியப்பர். தாம் ஏறி வந்த வண்டியின் கதவடியில் சில ஆண்டுகளிலேயே துரு கொப்புளித்துவிட்டதை அப்பொழுது நினைத்துக்கொள்வாரும் அவர்களுள் இருப்பர்.

இரண்டும் இரும்புதாமே, ஒன்று நிலைத்ததும் மற்றொன்று உளுத்ததும் எதனால்? இவ்வினாவிற்கு விடை காண்பதற்குப் பழைய வேன் ஒன்றின் அடித்தரையைக் காட்டிலும் தக்க பாடநூல் கிடைத்தல் அரிது. அத்தரை எவ்வாறு தோன்றியது, எவ்வாறு கெடுகிறது, அதனைச் செப்பனிடும் தொழில் எவ்வழியாக வளர்ந்தது என்பனவற்றை இக்கட்டுரை கூறும்.

முதலில் தூணைப் பார்ப்போம். ஏழு மீட்டருக்கு மேற்பட்ட நீளமும் ஆறு டன்னுக்கு மேற்பட்ட எடையும் உடையது அது. அதில் பொறிக்கப்பட்டுள்ள சந்திரன் என்னும் மன்னன், குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே என்பது அறிஞர் பலரின் துணிபு. தூணின் இரும்பில் பாஸ்பரஸ் இக்கால எஃகில் இருப்பதைவிட மிகுதியாக உள்ளது. சுண்ணாம்புக்கல் சேர்க்காமல் கரியும் கனிமமும் மட்டுமே இட்டு உருக்கிய பண்டைய உலைமுறையால் அஃது இரும்பிலேயே தங்கிவிட்டது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துப் பேராசிரியர் ரா. பாலசுப்ரமணியம், இப்பாஸ்பரஸின் துணையால் தூணின் மேற்பரப்பில் மெல்லியதொரு காப்புப் படலம் உருவாகி அதனைக் காத்துவருவதை 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் விளக்கினார். தில்லியின் வறண்ட காற்றும் இதற்குத் துணை செய்தது.

ஆயினும் தூணைப் பற்றி வழிகாட்டிகள் பெரும்பாலும் கூறாத செய்தி ஒன்று உண்டு. 1961ஆம் ஆண்டில் அதன் அடிப்பகுதியைத் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் புதைந்திருந்த பகுதியில் துரு ஏறியிருந்தது தெரியவந்தது. காற்றும் வெயிலும் பட்டு உலர்ந்த இடத்தில் நிலைத்த அதே இரும்பு, ஈரம் தங்கிய இடத்தில், எவர் கண்ணுக்கும் படாமல் அரிக்கப்பட்டிருந்தது. பின்னர் அப்பகுதிக்கு ஈயத்தகட்டுக் காப்பு இடப்பட்டது. துரு மறைவிடத்தில் வளர்வது என்னும் இவ்வுண்மையை மனத்திற்கொண்டு வேனுக்கு வருவோம்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் அதன் கூண்டு பெரும்பாலும் தச்சரின் கைவேலையாக இருந்தது. குதிரை வண்டி செய்த குடும்பத்தினரே மரச்சட்டம் கூட்டி, அதன்மேல் தகடு அறைந்து, வண்ணம் பூசினர். அந்நாளில் பழுது என்றால் பெரும்பாலும் மரம் இற்றதும் ஆணி தளர்ந்ததுமே. இந்நிலையை மாற்ற முன்னின்றவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து எட்வர்ட் பட். எஃகுத் தகட்டை அச்சில் அழுத்தி வடித்து, துண்டுகளைப் பற்றவைத்து, முழுவதும் எஃகாலான கூண்டு செய்யும் முறையை அவர் வளர்த்தார். 1914ஆம் ஆண்டின் இறுதியில் டாட்ஜ் சகோதரர்கள் வெளியிட்ட கார் அத்தகைய கூண்டுடன் வந்தது.

அப்பொழுதும் கூண்டு வேறு, அடிச்சட்டம் வேறு என்றே இருந்தன. நம்மவர்க்கு இது புதிய செய்தியன்று. பேருந்தின் அடிச்சட்டமும் எஞ்சினும் தொழிற்சாலையிலிருந்து வர, கரூரில் அதன்மேல் கூண்டு கட்டுவதை அறிந்தவர் பலர். இத்தகைய வண்டியில் கூண்டின் தரை இற்றுப்போனாலும், பாரம் தாங்கும் சட்டம் கீழே தனியாக நிற்கும். ஆனால் எடையையும் செலவையும் குறைக்க விரும்பிய பொறியாளர்கள் இவ்விரண்டையும் ஒன்றாக்கத் தலைப்பட்டனர். இத்தாலியில் 1922இல் வெளிவந்த லான்சியா லாம்ப்டா, பிரான்ஸில் 1934இல் வந்த சிட்ரோயன் முன்சக்கர இயக்கக் கார், ஜெர்மனியில் 1935இல் வந்த ஓப்பல் ஒலிம்பியா ஆகியவை இவ்வழியில் நட்ட மைல்கற்கள். இவ்வண்டிகளில் தரை, பக்கச்சுவர், கூரை யாவும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும். மெல்லிய தகட்டை மடித்துப் பெட்டிபோல் மூடினால் அது வளையாத உறுதி பெறுகிறது என்பதே இதன் அடிப்படை. வலிமை பிறந்தது அந்த மூடிய பெட்டிகளால். அப்பெட்டிகளுக்குள்ளேயே துருவுக்கும் இடம் கிடைத்தது.

இதற்குச் சான்றாக, உலகெங்கும் பழைய வண்டி ஆர்வலர் பேணிவரும் ஃபோக்ஸ்வாகன் வேனை எடுத்துக்கொள்வோம். போரால் சிதைந்திருந்த ஜெர்மனியில், வுல்ஃப்ஸ்பர்க் தொழிற்சாலைக்கு வந்த நெதர்லாந்து வணிகர் பென் பொன், 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் தம் குறிப்பேட்டில் ஒரு சிறு படம் வரைந்தார். பின்னே எஞ்சின், முன்னே ஓட்டுநர், நடுவே சரக்கு. பார்வைக்குச் சக்கரம் வைத்த ரொட்டித்துண்டு. அப்படமே இவ்வேனின் கரு. முதலில் பீட்டில் காரின் அடித்தட்டின்மேலேயே கூண்டை ஏற்றிச் சோதித்தனர். சுமை ஏறியதும் அது தாங்கவில்லை. ஆகவே நீளவாட்டில் இரு வலிய சட்டங்களும் குறுக்குச் சட்டங்களும் அமைத்து, அவற்றைத் தரையோடும் பக்கத் தகடுகளோடும் ஒன்றாகப் பற்றவைத்தனர். 1950ஆம் ஆண்டு மார்ச் மாதம் உற்பத்தி தொடங்கியது. 1956இல் ஹனோவர் நகரத்துத் தனித் தொழிற்சாலைக்கு மாறியது. பிரேசில் நாட்டில் 1957இல் தொடங்கிய இவ்வகை வேனின் உற்பத்தி, 2013ஆம் ஆண்டின் இறுதியிலேதான் நின்றது.

இவ்வேனின் தரை வெறும் நடைமேடையன்று. முதுகெலும்பின் ஒரு பகுதி என்றே அதனைக் கூறவேண்டும். கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் படிப்பெட்டி, உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்து மூடிய குழாய்போல் அமைந்து, வண்டி நடுவில் தொய்யாமல் தாங்குகிறது. ஜாக்கி வைக்கும் இடங்களும் தரையைத் தாங்கும் கைகளும் அதனோடு இணைகின்றன. இவற்றுட் பல பகுதிகளின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியதே. விரற்கடைக் கனமுள்ள இரும்பில் துரு நூறு ஆண்டு தின்றாலும் மிச்சம் இருக்கும். ஒரு மில்லிமீட்டர்த் தகட்டிற்கு அத்தகைய கையிருப்பு இல்லை.

துரு ஏன் மடிப்பிலும் மூலையிலும் தொடங்குகிறது? இவ்வினாவைத் தெளிவாக ஆராய்ந்தவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து யூலிக் ரிச்சர்ட்சன் எவன்ஸ். 1920களில் அவர் செய்த சோதனை மிக எளியது. இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீரை இட்டுக் கவனித்தார். சொட்டின் விளிம்பில் காற்றின் உயிர்வளி எளிதில் கலக்கிறது; நடுவிலோ குறைவு. உயிர்வளி மிகுந்த இடம் ஒரு முனையாகவும் குறைந்த இடம் மறுமுனையாகவும் ஆகி, அச்சிறு சொட்டே மின்கலம் போல் இயங்குகிறது. அரிக்கப்படுவது காற்றுப் படும் விளிம்பு அன்று. காற்றுக் குறைந்த நடுப்பகுதியே. இரு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கில் நீர் புகுந்தால் நிகழ்வதும் இதுவே. உப்புக் கலந்தால் நீர் மின்னோட்டத்தை எளிதில் கடத்துவதால் அரிப்பு விரைகிறது. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு இதைச் செய்கிறது. மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம் போன்ற துறைமுக நகரங்களில் கடற்காற்றே அவ்வேலையைச் செய்துவிடுகிறது.

துருவுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அஃது அடைத்துக்கொள்ளும். ஆதலின் இடுக்கில் பிறந்த துரு வீங்கி, புள்ளிப் புள்ளியாகப் பற்றவைத்த இரு தகடுகளையும் பிரித்துத் தள்ளுகிறது. பிரிந்த இடைவெளியில் மேலும் நீர் புகுகிறது. வெளியே வண்ணத்தில் ஒரு சிறு கொப்புளம் தோன்றும்போது, உள்ளே கைப்பிடியளவு தகடு பொடியாகியிருத்தல் கூடும்.

பழைய வேனில் இதற்குரிய இடங்கள் தெரிந்தவையே. ஓட்டுநரின் காலடியில் ரப்பர் விரிப்பின் கீழ் நனைந்த செருப்பின் ஈரம் மாதக்கணக்கில் தங்கும். முன்கண்ணாடியின் ரப்பர் வெடித்தால் மழைநீர் உள்வழியாக இறங்கி அதே தரையை அடையும். சக்கர வளைவின் உட்புறத்தில் அப்பிய சேறு உலர்வதே இல்லை. கதவின் அடியிலும் படிப்பெட்டியிலும் நீர் வடியத் துளைகள் உண்டு. தூசியும் சருகும் அவற்றை அடைத்துவிட்டால் பெட்டி தொட்டியாகும். எஞ்சின் அறையில் பாட்டரி வைக்கும் தட்டை, சிந்திய அமிலம் தின்னும்.

இதனைத் தடுக்கும் முயற்சிகளும் பழமையானவையே. இரும்பைத் துத்தநாகக் குழம்பில் தோய்த்தெடுக்கும் முறைக்குப் பிரெஞ்சுப் பொறியாளர் சொரேல் 1837இல் காப்புரிமை பெற்றார். துத்தநாகம் தான் முதலில் அரிக்கப்பட்டு, இரும்பைக் காக்கும். எனினும் இம்முறை காரின் கூண்டுக்கு முழுமையாக வந்து சேர ஒன்றேகால் நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1960களில் ஃபோர்டு நிறுவனம், கூண்டைத் தொட்டியில் அமிழ்த்தி மின்னோட்டத்தால் அடிவண்ணத்தை மூலைமுடுக்கெல்லாம் படியச் செய்யும் முறையை நடைமுறைக்குக் கொணர்ந்தது. 1970களின் நடுவில் போர்ஷே நிறுவனம் துத்தநாகம் தோய்ந்த தகட்டால் கூண்டு செய்யத் தொடங்கியது. இக்காப்புகளுக்கு முன் பிறந்த வேன்களே இன்று நம் கைக்குப் பழுது பார்க்க வருகின்றன.

இனிப் பழுது பார்க்கும் கலை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸில் உருவான ஆக்சிஜன்–அசிட்டிலீன் சுடர், கேஸ் வெல்டிங் என்ற பெயரில் ஊர்தோறும் பரவியது. மெல்லிய தகட்டை அதனால் ஒட்டலாம்; ஆயினும் அதன் வெப்பம் தகட்டை அப்பளம்போல் நெளியச் செய்யும். நெளிவை நிரவ, ஈயமும் வெள்ளீயமும் கலந்த கலவையைச் சூடாக்கித் தடவி, அரம் கொண்டு அராவினர். பாத்திரத்திற்கு ஈயம் பூசுவோரின் கைத்திறனுக்கு நெருங்கிய உறவு அது. 1950களில் பாலியெஸ்டர் பிசினாலான பட்டி வந்தது. அதே காலத்தை ஒட்டி, 1948இல் அமெரிக்காவின் பாட்டெல் ஆய்வகத்தில் உருவான, வாயுத்திரைக்குள் கம்பி தானே ஓடி உருகும் மின்பற்றவைப்பு முறை வளர்ந்தது. இன்று பட்டறைகளில் மிக் வெல்டிங் என்று வழங்குவது இதுவே. வெப்பத்தைச் சிறு இடத்தில் அடக்குவதால் மெல்லிய தகட்டிற்கு மிகவும் ஏற்றது.

பட்டியின் வருகை தொழிலில் ஒரு பிரிவினையை உண்டாக்கியது. தக்க இடத்தில், நல்ல இரும்பின்மேல், மெல்லியதாக இட்டால் பட்டி பயனுள்ள பொருளே. ஆனால் ஓட்டையின்மேல் கண்ணாடியிழையை ஒட்டி, பட்டி பார்த்து, தேய்த்து, வண்ணம் அடித்துவிட்டால் ஒரே நாளில் வண்டி புதிதுபோல் மின்னும். அடியில் துரு தன் வேலையை நிறுத்துவதில்லை. பட்டிக்கும் தகட்டிற்கும் இடையே சுரக்கும் ஈரம் அதற்கு மேலும் உதவும். இவ்வாறு மூடிய படிப்பெட்டியின்கீழ் ஜாக்கியை வைத்துத் தூக்கினால் தகடு நொறுங்கி வண்டி சரியும். வண்டியின் கீழ் ஒருவர் படுத்திருந்தால் அவர் நிலை என்ன? மோதல் நேர்ந்தால், தாங்கவேண்டிய தரை காகிதம்போல் மடியும். இருக்கையும் அதன் பட்டையும் பிணைக்கப்பட்ட இடம் பெயர்ந்து வரும். விற்றவர் பணத்தோடு போய்விடுவார்; வாங்கியவர் தம் குடும்பத்தை அதில் ஏற்றுவார். ஆகவே துருவைப் போக்குவதா, மறைப்பதா என்பது அழகைப் பற்றிய கேள்வியன்று. உயிரைப் பற்றிய கேள்வி.

நேரிய முறை எது? முதலில் விரிப்பு, இருக்கை, உள்தகடு அனைத்தையும் நீக்கிப் பார்த்தல் வேண்டும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். கெட்டது மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் குத்தூசியால் குத்திப் பார்க்க வேண்டும். பாட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் தொட்டியை இறக்கி, அருகில் தீயணைப்பான் வைத்துக்கொண்ட பிறகே நெருப்பைத் தொடலாம். துத்தநாகம் பூசிய தகட்டிலிருந்து எழும் வெண்புகை காய்ச்சல் தரவல்லது. பூச்சை முன்னரே தேய்த்தெடுப்பதும் காற்றோட்டம் வைப்பதும் இன்றியமையாதவை.

அடுத்தது, பலரும் தவறவிடும் படி. படிப்பெட்டியை வெட்டுமுன் வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு வாயில்களில் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாகப் பற்றவைக்க வேண்டும். ஏனெனில் தரையும் படிப்பெட்டியும் வெட்டப்பட்ட கணத்தில் கூண்டு தன் எடையாலேயே தொய்ந்துவிடும். தொய்ந்த நிலையில் புதிய தகட்டை ஒட்டிவிட்டால் பிறகு எந்தக் கதவும் பொருந்தாது. வாயில்களை மூலைக்கு மூலை அளந்து எழுதி வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் முடிந்தபின் மறுபக்கம் தொடுதல் நன்று.

பின்னர், பளபளக்கும் நல்ல இரும்பு தென்படும்வரை கெட்டதை வெட்டி எறிய வேண்டும். துருவேறிய விளிம்பில் பற்றவைப்பு நிற்காது. வேலை உள்ளிருந்து வெளியே வரவேண்டும்: முதலில் சட்டமும் கைகளும், பிறகு உள்தகடு, பிறகு தரை, இறுதியில் கண்ணுக்குத் தெரியும் வெளித்தகடு. புதிய துண்டின் கனம் பழையதற்கு ஒத்திருத்தல் வேண்டும். ஒரே கோடாக இழுத்துப் பற்றவைக்காமல், இங்கொரு புள்ளி, எதிர்ப்புறம் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு இட்டால் தகடு நெளியாது. முடிந்தபின் இணைப்புகளுக்குத் துத்தநாக அடிவண்ணம் பூசி, இடுக்குகளை நெகிழும் பசையால் அடைத்து, மூடிய பெட்டிகளுக்குள் மெழுகைத் தெளிக்க வேண்டும். நீர் வடியும் துளைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. எவரும் காணாத பெட்டியின் உட்புறத்தில் தெளித்த அம்மெழுகே மேற்பூச்சு வண்ணத்தைவிட நெடுநாள் வண்டியைக் காக்கும்.

இங்கே வரலாற்று நோக்கில் ஒரு கேள்வி எழுகிறது. எல்லாவற்றையும் வெட்டிப் புதுத்தகடு இட்டுவிட்டால், எஞ்சியிருப்பது பழைய வண்டிதானா? கோயில் திருப்பணி செய்வோர்க்கும் இவ்வினா அயலானதன்று. பழைய வண்டிகளைப் பேணும் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான ஃபிவா, 2012ஆம் ஆண்டில் தூரின் சாசனம் என்னும் நெறியை ஏற்றது. பழைய பொருளை இயன்றவரை காத்தல் வேண்டும். மாற்றிய பகுதியை அடையாளம் காணத்தக்கதாக வைத்தல் வேண்டும். செய்த வேலையை எழுதிப் படமெடுத்து வைத்தல் வேண்டும் என்பன அதன் சாரம். நம் நாட்டிலும் 2021ஆம் ஆண்டின் மோட்டார் வாகன விதித் திருத்தம், முதற்பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளைத் தனிவகையாகப் பதிவு செய்ய இடமளித்தது. அடிச்சட்டத்தையோ கூண்டையோ எஞ்சினையோ பெரிதும் மாற்றாமல், மூலவடிவத்தில் பேணப்பட்டதாக வண்டி இருத்தல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. எனவே, வேண்டிய அளவுக்கு மேல் ஓர் அங்குலமும் வெட்டாமை, அடிச்சட்ட எண் பொறித்த பகுதியைத் தொடாமை, ஒவ்வொரு கட்டத்தையும் ஆவணப்படுத்துதல் ஆகியவை உரிமையாளரின் நலனுக்கும் உரியவை.

கெட்டதை முழுதும் வெட்டு என்பதும், நல்லதை ஓர் அங்குலமும் வீணாக்காதே என்பதும் ஒன்றோடொன்று முரணுவனபோல் தோன்றும். இரண்டிற்கும் இடைப்பட்ட கோட்டைக் கண்டறிவதே தகட்டு வேலையாளின் அறிவு. அது நூலில் வருவதன்று. தட்டிக் கேட்ட செவியிலும் குத்திப் பார்த்த கையிலும் வருவது. டிங்கரிங் வேலை என்று நாம் எளிதாகச் சொல்லிப் போகும் தொழிலுக்குள் இத்தனை பொறியியலும் இத்தனை பொறுப்பும் அடங்கியுள்ளன. அத்தகையவரிடம் வண்டியை விடும்போது, வண்ணம் எத்தனை நாளில் முடியும் என்று கேட்பதற்கு முன், வெட்டிய தகட்டை எடுத்துவைத்துக் காட்டுங்கள் என்று கேட்பது நலம். நேர்மையான வேலையாளுக்கு அக்கேள்வி மகிழ்ச்சியே தரும்.

பழைய வேன் நம்முள் சிலரிடமே உண்டு. ஆனால் மெல்லிய தகடும் மூடிய பெட்டிகளும் இன்றைய கார்களிலும் உள்ளன. காப்பு மிகுந்திருக்கிறது, இயற்கையின் விதி மாறவில்லை. ஆகவே மழைக்காலம் முடிந்ததும் ஒரு விடுமுறை நாள் காலையில் காரின் தரைவிரிப்பைத் தூக்கி வெயிலில் போடுங்கள். கதவின் அடியிலுள்ள துளைகளில் ஒரு ஈர்க்குச்சியை நுழைத்துப் பாருங்கள். அடுத்த முறை உறவினரோடு மெஹ்ரௌலிக்குச் செல்லும்போது, நெடிதுயர்ந்த தூணைக் காட்டியபின், அதன் அடி மண்ணைத் தொடும் இடத்தையும் சற்றே குனிந்து காட்டுங்கள்.